மாடி வீட்டில் இறங்கும் அனலைத் தடுப்பது: கான்கிரீட் தளத்துக்கான முழுமையான வழிகாட்டி

வெயில் இறங்கி மூன்று மணி நேரம் ஆன பிறகும் படுக்கையறைக்குள் நுழைந்தால் அடுப்படி மாதிரி இருக்கிறது, ஃபேனைப் போட்டால் அனல்தான் கீழே வருகிறது, ஏசி இரவு 2 மணி வரை நிற்காமல் ஓடுகிறது என்றால் இது உங்களுக்குத்தான். தலைக்கு மேலே வேறு மாடி இல்லாத, கான்கிரீட் தளம் போட்ட வீட்டை மனதில் வைத்து எழுதுகிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டுக்கு இதை இரண்டு முறை செய்தேன். இரண்டு முறை என்பது பெருமை இல்லை, முதல் முறை சொதப்பியதால் வந்தது. அப்புறம் சித்தப்பா வீடு, மைத்துனர் வீடு, எதிர் வீடு என்று நாலைந்து மொட்டை மாடிகளில் நின்று பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: தப்பான பொருளை வாங்குகிறவர்கள் குறைவு, சரியான பொருளைத் தப்பான வரிசையில் போடுகிறவர்கள்தான் அதிகம். முதலில் அளவு, அப்புறம் தண்ணீர், அப்புறம் வெயில், கடைசியில்தான் இன்சுலேஷன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. சூடு எந்த வழியாக வருகிறது என்று அளந்து பாருங்கள்

துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அந்த உடல் சூடு பார்க்கும் வகை உதவாது. அதன் அளவு 42, 43 டிகிரியோடு நின்றுவிடும். எலக்ட்ரிகல் கடைகளில் தொழிற்சாலை வேலைக்கென்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஏசி மெக்கானிக்கிடம் இரண்டு நாள் இரவல் கேளுங்கள்.

நல்ல வெயில் நாளில் மதியம் 3 மணி, இரவு 9 மணி, விடியற்காலை 5 மணி என்று மூன்று முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் சீலிங், மேற்குச் சுவரின் உட்பக்கம், வெயிலே படாத உள்சுவர் மூன்றையும் குறித்து வையுங்கள். பளபளப்பான அலுமினியம் மேல் நீட்டினால் அது தப்பாகத்தான் காட்டும். சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்த பரப்பில் பாருங்கள்.

இரவு 9 மணிக் கணக்குதான் முக்கியம். கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். அந்த நேரத்தில் உள்சுவரை விடச் சீலிங் நாலைந்து டிகிரி கூடுதலாக இருந்தால் குற்றவாளி தளம்தான், சந்தேகமே வேண்டாம். மேற்குச் சுவரும் அதே அளவு கொதித்தால் 9ஆம் பகுதியையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தும் புழுங்கித் தள்ளுகிறது என்றால் அது காற்றோட்டம், ஈரப்பதம் சம்பந்தப்பட்ட விஷயம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அதற்கு இன்சுலேஷனில் பணத்தைக் கொட்டினால் வியர்வை நிற்காது.

இந்த எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு பலன் இருக்கிறதா என்று சொல்ல வேறு வழி கிடையாது. "கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கிற மாதிரி இருக்கு" என்பது செலவு செய்த மனது சொல்வது.

2. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

மாதம் முதலில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தளத்தை ஊற வைத்துவிட்டுப் போகும். அந்த ஈரத்தோடு மூடினால் வெளியேற வழியில்லாமல் அது சீலிங்கில் ஓதமாக இறங்கும். தை பிறந்து நாலைந்து வாரம் வெயில் காய்ந்த பிறகு தொடங்கினால் பங்குனிக்குள் முடித்துவிடலாம். சரியான நேரமும் அதுதான்; சென்னைக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரம், திருச்சிக்கு அதற்கு ஒரு வாரம் முன்பே. கத்திரி தொடங்குகிற மே முதல் வாரத்தில் கொத்தனாரைத் தேடினால் ஆளும் கிடைக்காது, கலவையும் காய்வதற்குப் பதில் வெடிக்கும்.

அடுத்தது பாரம். நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கில்தான் சாதாரணமாகத் தளத்தை வடிவமைக்கிறார்கள். இன்சுலேஷன் பலகை எடையே இல்லாத பொருள், ஆனால் அதன் மேல் போடும் 5 சென்டிமீட்டர் கலவை மட்டுமே சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். பழைய சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட அடுக்கு), தட்டோடு எல்லாம் அப்படியே இருக்க, அதற்கு மேல் இன்னொரு அடுக்கு ஏற்றுவது என்றால் ஒரு இன்ஜினியர் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் கேட்காமல் கையே வைக்காதீர்கள்.

உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எல்லாம் போட்டு முடிக்கும்போது தளம் நாலு, ஐந்து அங்குலம் உயர்ந்துவிடும். மாடிப்படி அறையின் வாசற்படி அதை விட உயரமா, மழைநீர் வெளியேறும் குழாய் வாய் எங்கே இருக்கிறது, கைப்பிடிச் சுவர் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குட்டையாகிவிடுமா என்று பாருங்கள். மைத்துனர் வீட்டில் இதைப் பார்க்கவில்லை. வேலை முடிந்து பெய்த முதல் மழையில் தண்ணீர் படிக்கட்டு வழியாக ஹாலுக்கு வந்தது.

கடைசியாக, மேலே பின்னால் என்னென்ன வரப்போகிறது என்று யோசியுங்கள்: சோலார் தாங்கி, துணிக்கொடிக் கம்பம், டிஷ் ஆன்டெனா, ஏசியின் வெளி யூனிட். இவற்றுக்கான சிமென்ட் பீடங்களை இப்போதே கட்டிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு டிஷ்காரர் வந்து டிரில் போட்டால், நீங்கள் போட்ட தண்ணீர்த் தடுப்பு அந்த ஒரு ஓட்டையில் முடிந்தது.

3. ஒழுகலை முடித்துவிட்டு மேலே போங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஈரமான பொருள் சூட்டை வேகமாகக் கடத்தும். ஊறிப் போன இன்சுலேஷன் பாதி இன்சுலேஷன்கூட இல்லை. மூடிவிட்ட பிறகு எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதும் பெரும்பாடு, தண்ணீர் உள்ளே ஒரு இடத்தில் புகுந்து பத்து அடி தள்ளிச் சொட்டும்.

முதலில் ஒரு சுத்தியல் காம்பால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, டொப்பென்று கேட்டால் அடியில் விட்டுப் போயிருக்கிறது, அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். விரிசல்களை அப்படியே மேலே மெழுகாமல் ஆங்கில வி மாதிரி வெட்டித் திறந்து, தூசி ஊதி, பாலிமர் கலந்த கலவையால் அடையுங்கள். மேலோட்டமாக மெழுகினால் அடுத்த கோடையில் அதே கோட்டில் மறுபடி திறக்கும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் பெரும்பாலும் ஒழுகும் இடம். அங்கே கலவையால் உள்வளைவாக ஒரு பட்டை கட்டுங்கள். செங்குத்தான மூலையில் பூச்சு மடிந்து கிழியும், வளைவில் கிழியாது.

வாட்டம் பாருங்கள். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாய் வாயை நோக்கிச் சரிய வேண்டும். வாட்டம் இல்லாத தளத்தில் எந்தப் பூச்சு அடித்தாலும் தண்ணீர் தேங்கித் தேங்கி உரித்துவிடும்.

இதெல்லாம் சரியான பிறகு தண்ணீர்த் தடுப்புப் பூச்சு அடியுங்கள். அது காய்ந்ததும் குழாய் வாய்களைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி முழுதாக இரண்டு நாள் விடுங்கள். கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். "ராத்திரி மட்டும் கட்டினா போதும் சார்" என்பார்கள். போதாது, கான்கிரீட் மெதுவாகத்தான் குடிக்கும்.

4. வெயிலைத் தளத்துக்கு முன்பே நிறுத்துங்கள்

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1000 வாட். பாசி பிடித்துக் கறுத்த தளம் அதில் பெரும்பகுதியை விழுங்கும், மேல்பரப்பு 60 டிகிரியைச் சுலபமாகத் தொடும். வெள்ளைப் பரப்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே வந்த சூட்டோடு மல்லுக்கட்டுவதை விட வராமல் பார்த்துக்கொள்வது மலிவு. அதனால் இன்சுலேஷனுக்கு முன் ஒரு கோடையை வெள்ளையோடு கழித்துப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

கையில் காசு குறைவென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பு. முந்தின நாளே ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்து, தளத்தை நனைத்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கை அடியுங்கள். காய்ந்த தளத்தில் அடித்தால் சுண்ணாம்புத் தண்ணீரைத் தளம் உறிஞ்சிவிடும், மேலே நிற்பது பொடியாக உதிரும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது, வருடா வருடம் அடிக்க வேண்டியதுதான்.

நாலைந்து வருடம் வேண்டுமென்றால் அக்ரிலிக் வகைக் கூல் ரூஃப் பெயின்ட். டப்பாவில் எஸ்ஆர்ஐ (வெயிலைத் திருப்பிச் சூட்டை வெளியே விடும் திறனைக் காட்டும் அளவு) என்று ஓர் எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது 100க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அந்த எண்ணே போடாமல் 'குளிர்ச்சி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாதாரண வெள்ளைப் பெயின்ட். தண்ணீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் நிற்காது. அதனால்தான் வாட்டம் முந்தின படியில் வந்தது.

சிலர் வெள்ளி நிற அலுமினியப் பெயின்ட் அடிக்கிறார்கள். வேண்டாம். அது வெயிலைத் திருப்பும், ஆனால் வாங்கிய சூட்டை வெள்ளை மாதிரி வெளியே விடாது. தொட்டுப் பார்த்தால் வெள்ளையை விடச் சுடும்.

நிழலும் இதே வேலையைச் செய்யும். சோலார் பலகைகளைத் தளத்திலிருந்து உயர்த்தி வைத்தால் அடியில் காற்று ஓடும், அந்தப் பகுதி வெயிலே பார்க்காது. கிரீன் நெட் கட்டுவதானால் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுங்கள், தளத்தோடு ஒட்டி விரிக்காதீர்கள். தென்னங்கீற்றுப் பந்தல் அருமையான நிழல்தான், ஆனால் பக்கத்து வீட்டுத் தீபாவளி ராக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. இன்சுலேஷன் உங்களுக்குத் தேவையா?

வெள்ளை அடித்த பிறகு மறுபடி அந்த இரவு 9 மணிச் சோதனையைச் செய்யுங்கள். சீலிங்குக்கும் உள்சுவருக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், ஏசியும் இல்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு 9ஆம் பகுதிக்குப் போங்கள்.

ஏசி ஓடும் வீட்டில் கணக்கு வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சீலிங் சுமார் 11 சதுர மீட்டர். மேல்பரப்பு 60 டிகிரியில், அறை 26 டிகிரியில் இருக்கும்போது வெறும் கான்கிரீட் வழியாக ஒரு கிலோவாட்டுக்கு மேல் சூடு இறங்கும். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறனே 3.5 கிலோவாட்தான். அதாவது ஏசியில் மூன்றில் ஒரு பங்கு சீலிங்கோடு சண்டை போடவே போகிறது. இரண்டு அங்குலம் நல்ல இன்சுலேஷன் இருந்தால் அந்த ஒரு கிலோவாட் 200 வாட்டுக்குள் அடங்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலேஷன் குளிர வைக்காது, சூட்டின் நடமாட்டத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஏசி இல்லாத வீட்டில் சமையல், ஆட்கள், ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டாக்கும் சூடு இரவில் தளம் வழியாக வெளியேறுவதும் குறையும். அதனால் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்க முடியாத வீடு என்றால், கொசுவோ திருட்டுப் பயமோ எதுவாக இருந்தாலும், முதலில் கொசுவலைச் சட்டத்துக்குச் செலவு செய்யுங்கள்.

6. பொருளும் தடிமனும்

எவ்வளவு சூடு ஊடுருவும் என்பதை யு மதிப்பு என்ற எண்ணால் சொல்கிறார்கள், குறைந்தால் நல்லது. ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது சுமார் 3.4. சுருக்கி, தட்டோடு போட்டது அதை விடக் கொஞ்சம் குறைவு. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் கொடுக்கிற பீஈஈ அமைப்பு 2018இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதியான எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது.

ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் (தெர்மாகோல் இனத்தையே சேர்ந்த, அதை விட இறுக்கமான நுரை) பலகையே உங்களை 0.9 பக்கம் கொண்டுவந்துவிடும். இரண்டு அங்குலம் போட்டால் 0.5. மூன்றாவது அங்குலத்தில் கிடைப்பது சொற்பம். விற்பவர் நாலு அங்குலம் போடச் சொன்னால் சிரித்துவிட்டு இரண்டு அங்குலம் வாங்குங்கள்.

மொட்டை மாடிக்கு மேலே போட எக்ஸ்பிஎஸ்தான் என் தேர்வு. அடைத்த அறைகளாக இருப்பதால் தண்ணீரைக் குடிக்காது, மிதித்தாலும் அமுங்காது. தெர்மாகோலும் சூட்டைத் தடுப்பதில் பெரிதாகக் குறைவில்லை, ஆனால் டிவி பெட்டிக்குள் வரும் அந்த லேசான வகை காலடியில் நொறுங்கும். கட்டட வேலைக்கு ஐஎஸ் 4671 முத்திரையோடு, கன மீட்டருக்கு 24 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியில் கேளுங்கள். பஃப் என்கிற பாலியூரித்தேன் நுரை எல்லாவற்றையும் விடக் குறைந்த தடிமனில் வேலை செய்யும், ஸ்ப்ரேயாக அடிக்கலாம், ஆனால் வெயில் நேராகப் பட்டால் மஞ்சளாகிப் பொடியும். அன்றைக்கே மூட வேண்டும்.

கவிழ்த்த மண்பானைகளை அடுக்கி இடுக்கில் கலவை போடும் முறையும் நன்றாகத்தான் வேலை செய்கிறது, பானைக்குள் அடைபட்ட காற்று தடுப்பாகிறது. எடை அதிகம், பழகிய கை வேண்டும்.

பளபளக்கும் ஃபாயில் பற்றி ஒரு வார்த்தை. அதன் மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டுக் கதிரைத் திருப்பும். சிமென்ட்டுக்கு நடுவில் புதைத்துவிட்டால் அது வெறும் காகிதம். எதிர் வீட்டில் அப்படித்தான் தளம் முழுக்க ஃபாயிலை விரித்து மேலே கலவை கொட்டினார்கள்.

7. மேலே பதிக்கும் வரிசை

அடியிலிருந்து மேலே இப்படி வர வேண்டும்: கான்கிரீட், வாட்டக் கலவை, தண்ணீர்த் தடுப்பு, இன்சுலேஷன், பிரிப்புத் தாள், கம்பிவலையோடு கலவை, வெள்ளை டைல்ஸ். தண்ணீர்த் தடுப்பு இன்சுலேஷனுக்கு அடியில் இருப்பதற்குக் காரணம் உண்டு: வெயிலின் ஏற்ற இறக்கத்திலிருந்து பலகை அதைக் காப்பாற்றும், ஆயுள் கூடும். எக்ஸ்பிஎஸ் தண்ணீர் குடிக்காது என்பதால்தான் இப்படி வைக்க முடிகிறது. தெர்மாகோல் என்றால் அதன் மேலேயும் ஒரு தடுப்பு வேண்டும்.

தண்ணீர்த் தடுப்பைக் கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் ஏற்றுங்கள். அந்த ஒரு அடி பழைய தளத்திலிருந்து இல்லை, முடிந்த தளத்தின் மட்டத்திலிருந்து. சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினால்தான் செய்வார்கள்.

இப்போது என் முதல் முறைச் சொதப்பல். பலகையை ஒட்டக் கறுப்பு பிட்டுமென் (தார் மாதிரியான பொருள்) பிரைமர் அடித்தார் மேஸ்திரி. நான் தயங்கியதும் "தம்பி, தெர்மாகோல்தானே, எதை வச்சு ஒட்டினா என்ன?" என்றார். அரை மணி நேரத்தில் பலகையின் அடிப்பக்கம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிட்டது. பெட்ரோல், தின்னர் வாடை அடிக்கும் எந்தப் பொருளும் தெர்மாகோலையும் எக்ஸ்பிஎஸ்ஸையும் கரைக்கும். தண்ணீர் கலந்த பிட்டுமென், சிமென்ட் பசை, எக்ஸ்பிஎஸ்ஸுக்கென்றே விற்கும் பசை ஆகியவை மட்டும்தான். ஒரு சின்னத் துண்டில் தடவி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அதே மாதிரி, நெருப்பு அடித்து ஒட்டும் ஷீட்டைப் பலகையின் மேல் ஒட்டாதீர்கள், 75, 80 டிகிரியிலேயே பலகை இளகிவிடும்.

பலகைகளைச் செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாற்றி மாற்றி வையுங்கள். நாலு மூலை ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே இடைவெளி விழும், சூடு அந்தக் கோட்டில் இறங்கும். ஓரம் படிபோல வெட்டிய பலகை கிடைத்தால் அதை வாங்குங்கள். குழாயைச் சுற்றி வெட்டும்போது வரும் இடுக்குகளைத் துண்டு போட்டு அடைக்காமல் விட்டுவிடுவார்கள், நீங்களே குனிந்து பாருங்கள். ஆணி அடிக்கவே கூடாது, அடியில் தண்ணீர்த் தடுப்பு இருக்கிறது.

அன்றைக்கு மூட முடிகிற அளவுக்கு மட்டும் பலகையை விரியுங்கள். விரித்துவிட்டுப் போனால் வெயிலில் நெளியும், காற்று வீசினால் பட்டம்தான். எங்கள் பலகை ஒன்றை இரண்டு தெரு தள்ளிப் போய் எடுத்து வந்தேன்.

மேலே பாலித்தீன் தாளோ ஜியோ துணியோ விரித்து, கோழிவலையோ வெல்டு மெஷ்ஷோ வைத்து, 4 முதல் 5 சென்டிமீட்டர் கலவை. வலை தாளின் மேலேயே படுத்துக்கிடக்காமல் கலவையின் நடுவில் நிற்க வேண்டும், அடியில் சிறு சிமென்ட் கட்டைகள் கொடுங்கள். கலவையைக் குறைத்தால் வெடிக்கும். அடியில் மெத்தென்று இருக்கிறது, தவிர சூடு கீழே இறங்க வழியில்லாததால் இந்தக் கலவைதான் முன்பை விட அதிகமாகக் காய்ந்து அதிகமாகக் குளிரும். அதற்காகவே ஆறேழு அடிக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, இடையிலும் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் அரை அங்குல இடைவெளி விட்டு, இளகும் சீலன்ட்டால் நிரப்ப வேண்டும். ஏழு நாள் குறையாமல் நனையுங்கள்.

டைல்ஸுக்கு முன் மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். டைல்ஸ் வெள்ளையாக, ஆனால் சொரசொரப்பாக இருக்கட்டும், பளபள வெள்ளை மழையில் வழுக்கும்.

8. மேலே கை வைக்க முடியாதவர்களுக்கு

அடுக்குமாடியின் கடைசித் தளம், வாடகை வீடு என்றால் மொட்டை மாடி உங்களுடையது இல்லை. வெள்ளை அடிக்க மட்டுமாவது சங்கத்தில் அனுமதி கேளுங்கள், எல்லோருக்கும் நல்லது என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்புறம்தான் ஃபால்ஸ் சீலிங்.

வெறும் ஜிப்சம் போர்டு போட்டால் கொஞ்சம்தான் குறையும். போர்டுக்கு மேலே இரண்டு அங்குலக் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) பரப்பினால்தான் இன்சுலேஷன். லைட் பொருத்தும் வட்ட ஓட்டைகளைச் சுற்றிப் பஞ்சு விடுபடும், லைட்டின் மேலேயே பஞ்சை அமுக்கினாலும் லைட் கருகும். ஓட்டைகளைக் குறைப்பதே வழி. முகமூடி, கையுறை போடாமல் கிளாஸ் வூலைத் தொட விடாதீர்கள்.

சீலிங் உயரத்தை டேப் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஒன்பதரை அடி அறையில் அரை அடி போனால் ஃபேன் தலையை நெருங்கும். ஃபேன் கொக்கி கான்கிரீட்டிலிருந்து வர வேண்டும், போர்டிலிருந்து இல்லை. தெர்மாகோலை வெறுமையாகச் சீலிங்கில் ஒட்டுவது தீயை அழைத்து வைப்பது, செய்யவே செய்யாதீர்கள்.

இந்த முறையில் தளம் வெயிலில் வெந்துகொண்டேதான் இருக்கும், விரிசல் விடுவது குறையாது. ஆனால் ஏசி போட்டதும் அறை சீக்கிரம் குளிரும். படுக்கையறை ஒன்றுக்கு மட்டும் செய்வதானால் இது மோசமில்லை.

9. மேற்குச் சுவரும் ஜன்னலும்

நம் ஊரில் சூரியன் தலைக்கு மேல் போவதால் தளத்துக்கு அடுத்தபடி அடி வாங்குவது கிழக்கும் மேற்கும். மேற்குதான் தொல்லை, தூங்கப் போகும் நேரத்துக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இங்கேயும் வெளியில் நிறுத்துவதே முதல் வேலை. சன்ஷேட் மதிய வெயிலைத் தடுக்கும், சாயங்காலம் தாழ்ந்து வரும் வெயிலைத் தடுக்காது. மூங்கில் தட்டியோ ரோல் தட்டியோ ஜன்னலுக்கு வெளியே தொங்க விடுங்கள். உள்ளே கனமான திரை போடுவது, வெயில் கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துகிற கதை.

சுவருக்கு வெளிர் நிறம், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிக் கம்பிவலையில் ஏற்றிய கொடி, இவை போதும். புதிதாகக் கட்டுகிறவர்கள் மேற்குச் சுவரை மட்டுமாவது ஏஏசி கல்லில் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) கட்டலாம், செங்கல்லை விட நாலைந்து மடங்கு குறைவாகச் சூட்டைக் கடத்தும்.

10. தகரமும் சிமென்ட் ஷீட்டும்

ஷீட் கூரைக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. வெள்ளைப் பூச்சு வெளியே, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷன், இடைவெளியின் உச்சியில் சூடான காற்று வெளியேற வழி. ஃபாயில் உண்மையாகவே பயன்படும் இடம் இதுதான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் தேய்க்காதீர்கள், டிரில் போடாதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்கு எமன். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் கூடாது.

11. ஏசி அறையின் இடுக்குகள்

தளத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டுக் கதவுக்கு அடியில் அரை அங்குலம் திறந்து வைத்திருப்பார்கள். கதவடி ரப்பர், ஜன்னல் பீடிங், ஏசி குழாய் போகும் ஓட்டையைச் சுற்றிய இடுக்கு, பழைய வென்டிலேட்டர் இவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். ராத்திரி அறை லைட்டை அணைத்துவிட்டு ஹால் லைட்டைப் போட்டால் வெளிச்சம் வரும் இடமெல்லாம் காற்று வரும் இடம்.

முடித்ததும் ஏசியை 24 அல்லது 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள். சீலிங் சுடாதபோது 26 டிகிரியே போதும் என்று உடம்பு சொல்லும். கரண்ட் பில்லைப் பார்க்கும்போது இரண்டு மாத யூனிட்டைப் போன வருடம் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள், ரூபாயை இல்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மின்கட்டணம் கணக்கிடும் விதமே மாறும், அதனால் யூனிட் கொஞ்சம் குறைந்து 500க்குள் வந்தாலே ரூபாய் நிறையக் குறைந்தது போலத் தெரியும்.

12. வருடத்துக்கு ஒரு முறை

மாசி மாதம் தளத்தை ஒரு தடவை சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தூசியும் பாசியும் படிந்த வெள்ளை, வெள்ளையாக வேலை செய்யாது. வெயிலுக்கு முன் செய்வதுதான் கணக்கு, மழைக்குப் பிறகு உடனே கழுவினால் திரும்பப் படியும்.

ஐப்பசிக்கு முன் குழாய் வாய்களில் இலை, பிளாஸ்டிக் அடைப்பை எடுங்கள், சீலன்ட் இணைப்புகளில் எறும்பு மண் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். பலகைக்குள் எறும்பு குடியேறினால் வரிசையாகச் சுரங்கம் தோண்டும், இணைப்பை உடனே அடைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் அடியையும் பாருங்கள், வழிந்து வழிந்து அந்த மூலை மட்டும் வருடம் முழுக்க ஈரமாக இருக்கும். சித்தப்பா வீட்டில் எல்லாம் சரியாகப் போட்டும் ஒரு அறைச் சீலிங் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது, ஒரு மாதம் தேடினோம். தொட்டியின் மிதவை வால்வு மாற்ற 200 ரூபாய்கூட ஆகவில்லை.